கிளட்ச்சில் இரண்டு விரல்

"எதிரும் புதிருமா முடுக்கு. ஒரே பக்கமா முடுக்கினா ஹெட்டு கோணிக்கும்."

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. இந்தப் பக்கம், தகரக் கொட்டகைக்குள், அவள் ஸ்பேனரை அடுத்த நட்டுக்கு மாற்றினாள்.

"தெரியும்."

"என்னத்தத் தெரியும்? இப்ப முடுக்கினது பக்கத்து நட்டு. சத்தத்துலயே தெரியுது எனக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். பக்கத்து நட்டுதான். ஸ்பேனரை எடுத்து எதிர்ப்பக்கம் மாட்டினாள். கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு முட்டி, கரண்டிப் பாலை விழுங்கக்கூட யோசிக்கிற மனுஷனுக்குக் காது மட்டும் கொஞ்சம்கூட மழுங்கவில்லை. மழுங்காமலே இருக்கட்டும். அவளுக்கு இன்றைக்கு அந்தக் காதுதான் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முந்தாநாளே கையை விரித்துவிட்டார்கள். இதயத்தில் பம்பிங் ரொம்பக் குறைந்துபோச்சு, வீட்டுக்குக் கூட்டிப் போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். வந்ததும் அவர் ஆசைப்பட்டது சாப்பாடு இல்லை. வாடகைக்கு எடுத்த இரும்புக் கட்டிலை, ஆள் உருண்டு விழாமல் பக்கவாட்டில் கம்பி வைத்த கட்டிலை, ஜன்னலோரம் போடச் சொன்னார். ஜன்னலைத் திறந்தால் கொட்டகை. கொட்டகைக்குள் ஸ்டாண்டின் மேல் இன்ஜின்.

"ஹெட்டைக் கடைஞ்சு வாங்கி வெச்சிருக்கேன்ல. அதை மாட்டி ஒரு தடவை ஓட்டிக் காட்டிடு. இதுதான் கடைசி வேலை. இதுக்கு மேல இந்த இன்ஜின்ல ஏத்தறதுக்கு ஒண்ணும் கிடையாது."

ஹெட் என்கிற மேல்மூடியைக் கடைந்து மெலிதாக்கினால் உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தால் நெருக்கம், அவர் பாஷையில் கம்ப்ரெஷன், கூடும். நெருக்கம் கூடினால் பலம் கூடும். இதெல்லாம் இப்போது அவளுக்குத் தலைகீழாகத் தெரியும்.

சின்னவள் பால் டம்ளரோடு கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அப்பாவின் நிலைமையைக் கேட்டு நேற்றுத்தான் புருஷன் வீட்டிலிருந்து வந்தாள். பால் அப்பாவுக்கு. ஆனால் அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, நீயாம்மா இது? இந்தக் கொட்டகைப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கமாட்டியே நீ."

"உங்கப்பா ஆசைப்படறார்."

"அவர் ஆசைப்பட்டு நீ செஞ்சது இதுதான் முதல் தடவை."

"கடைசித் தடவையும்தான்" என்றாள் அம்மா. ஸ்பேனர் ஒரு சுற்று இறுகியது.

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கட்டும்.

*

அந்த இன்ஜின் பெரியவனுடையது.

ஆலையில் பிட்டராக இருந்தார் அவர். தெருவிலும் அவரைப் பிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தலைப்பிள்ளை வேலைக்குப் போன புதிதில் வாங்கிய பழைய வண்டி அது. சின்ன இன்ஜின், பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுகிற ரெண்டு ஸ்ட்ரோக் ஜாதி. கூட வேலை செய்கிற பையன்கள் எல்லாரும் அவனை முந்திக்கொண்டு போகிறார்கள், கையை ஆட்டிக்கொண்டு வேறு போகிறார்கள் என்று ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னான். சொன்னது அப்பாவிடம். அவர் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனார்.

புகை வெளியேறும் வாயை உருண்டை அரத்தால் ராவி அகலமாக்கினார். சைலென்சரை அறுத்து, நடுவில் வயிறு பெருத்த மாதிரி ஒன்றைச் செய்து மாட்டினார். பெரிய வண்டியின் கார்புரேட்டரைக் கொண்டுவந்து வைத்தார். பெரியவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். அப்பனும் மகனும் அப்படிச் சிரித்துச் சிரித்துப் பேசி அவள் பார்த்ததே இல்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு வாசல்படியில் நின்று அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

மறுநாள் அவர் ஆலைக்குப் போயிருந்த நேரத்தில் பெரியவன் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நேர்ச்சாலைக்குப் போனான். அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது. ஏறியது. இன்னும் ஏறியது. இதுவரை அந்த வண்டியில் வராத சத்தம். அப்பாடா, இனிமேல் எவனும் இவனை முந்த முடியாது என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு அந்தச் சத்தம், துணியைக் கத்தரித்த மாதிரி நின்றது. தேய்ந்து தேய்ந்து நிற்கவில்லை. இருந்தது, இல்லை. அவ்வளவுதான்.

அவள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினாள்.

இன்ஜின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே கட்டிப்போட்ட மாதிரி நிற்கும். ஓடுகிற வேகத்தில் அது நின்றால் மேலே இருக்கிறவன் எங்கே போவான். சாலையோரம் மைல்கல் இருந்தது.

இதெல்லாம்கூட விதி என்று விழுங்கியிருப்பாள். அவளால் விழுங்க முடியாதது வேறு. பெரியவனைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, வந்தவர்கள் எல்லாரும் எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டபோது, இவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்று சொன்னார்.

"இந்த மாதிரி வண்டி ஓட்டறவன் எப்பவும் இடது கை ரெண்டு விரலைக் கிளட்ச்சுல வெச்சிருக்கணும். இன்ஜின் பிடிச்சா உடனே கிளட்ச்சை அமுக்கிடலாம். சக்கரம் விட்டுடும். சொல்லிக் கொடுத்திருந்தேன். ரெண்டு விரல் வெச்சிருந்தா பொழச்சிருப்பான்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பையன் மேல்தான் தப்பு என்று ஆகிவிட்டது. செத்துக் கிடக்கிறவன் எழுந்து வந்தா பதில் சொல்லப் போகிறான்?

அதன் பிறகு யார் கேட்டாலும் அவர் அதைத்தான் சொன்னார். கல்யாண வீட்டில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார். நொறுங்கிய வண்டியை எடைக்குப் போட்டுவிட்டு இன்ஜினை மட்டும் வைத்துக்கொண்டார். பிரித்தார், புதுப் பிஸ்டன் போட்டார், ஸ்டாண்டில் ஏற்றி, கிளட்ச்சும் ஆக்ஸிலேட்டருமாக ஒரு கைப்பிடியைப் பொருத்தினார். ஆலையில் கழித்துப் போட்ட கனத்த இரும்பு உருளை ஒன்றைக் கொண்டுவந்து செயினால் இன்ஜினோடு இணைத்தார். சுமை இருந்தால்தான் இன்ஜின் உண்மையைப் பேசும் என்பார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை ஓட்டுவார். ஒவ்வொரு வருஷமும் அதில் எதையாவது ராவி, எதையாவது மாற்றி, பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார். சத்தம் ஏறும்போதெல்லாம் அவள் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு, அது நின்றுவிடுமோ என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் கையில் அது ஒரு நாளும் நிற்கவில்லை. மெதுவாக இறக்கி, அணைத்து, துடைத்து, துணி போர்த்திவிட்டு வந்து சோறு கேட்பார்.

அந்தச் சத்தம் அறுந்து நிற்பதை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் கேட்டிருக்கிறாள். ஒரு தடவை கேட்டாலே போதும், அது வாழ்நாளுக்கும் போதும்.

அவர் கை நடுங்க ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் அவளே கொட்டகைக்குப் போய், கொடுங்க நான் முடுக்கறேன் என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். கிளட்ச்சை எப்படிப் பிடிப்பது, எப்படி விடுவது. "சட்டுனு விடாதே, உதறும். பூ மாதிரி விடணும்" என்பார். அவள் எதற்காகப் போனாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. அந்த ஜந்துவைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கார்புரேட்டரைப் பிரிக்கச் சொல்லிக் கொடுத்த அன்றுதான் தெரிந்தது.

அடியில் ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். நிலக்கடலையில் பாதி. நடுவில் ஊசித் துளை. அதன் வழியாகத்தான் பெட்ரோல் போக வேண்டும். ஜெட் என்று பேர். அந்த மாதிரியே இன்னொன்று மாத்திரை டப்பாவில் தனியாகக் கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். துளை ரொம்பச் சின்னதாக இருந்தது.

"இது எதுக்கு?"

"அது பழசு. வை."

"ஏன் மாத்தினீங்க?"

"இன்ஜினுக்குப் பலம் ஏத்தினா பெட்ரோலும் கூட போகணும்ல. துளை சின்னதா இருந்தா போதாது. பெட்ரோல் கம்மியானா அதோட வர்ற எண்ணெயும் கம்மி. கொஞ்ச நேரம் பேய் மாதிரி இழுக்கும். நீயே அசந்துபோவே. அப்புறம் சூடேறிப் பிடிச்சுக்கும்."

பாடம் சொல்கிற ஜோரில் வாய் முந்திவிட்டது அவருக்கு. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. டப்பாவைப் பிடுங்கி மூடினார்.

"இதை எப்ப மாத்தினீங்க?" என்றாள் அவள்.

"ஸ்பேனரை எடு."

"அவன் ஓட்டிட்டுப் போனப்ப எது இருந்துச்சு?"

"எடுங்கறேன்ல. பத்தாம் நம்பர்."

அவள் எடுத்துக் கொடுத்தாள். சின்னத் துளைதான் இருந்திருக்கிறது. அடுத்த வாரம் வந்த ஒரு சொந்தக்காரரிடம் அவர் அதே கதையைத்தான் சொன்னார். ரெண்டு விரல் வெச்சிருந்தா பொழச்சிருப்பான்.

அன்றைக்கு முடிவு செய்தாள். அந்தச் சத்தம் அறுந்து நிற்பதைக் கேட்காமல் அவர் போகக் கூடாது.

*

கடைசல்காரர் வாசலிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். லேத்துப் பட்டறை வைத்திருக்கிறவர், பிட்டரோடு ஆலையில் வேலை பார்த்தவர், ஹெட்டைக் கடைந்து கொடுத்ததும் இவர்தான்.

"என்னண்ணே, படுத்துக்கிட்டே மேஸ்திரி வேலையா? பாவம் அண்ணி, கையெல்லாம் கிரீஸு."

"வாடா. உன் கடைசல் லட்சணம் இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

"என் கடைசலுக்கு என்ன குறைச்சல்? கண்ணாடி மாதிரி முகம் பாக்கலாம்."

"உன் மூஞ்சியைப் பாத்தா ஹெட்டு விரிசல் விட்டுடும்."

சின்னவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. கடைசல்காரர் முதுகைத் தடவிவிட்டார்.

"டாக்டர் சொன்னான்டா, பம்பிங் இல்லையாம். எனக்கு எந்த ஹெட்டைக் கடைஞ்சாலும் கம்ப்ரெஷன் ஏறாது." மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். "இதை ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன். இத்தனூண்டு இன்ஜினு, எங்கிருந்து எங்க கொண்டுவந்திருக்கேன் பாரு. பெரியவன் இருந்தான்னா ..."

கொட்டகைக்குள் அவள் கை நின்றது. சொல்லு. இன்றைக்காவது வேறு ஏதாவது சொல்லு.

"நான் சொன்ன மாதிரி மட்டும் ரெண்டு விரல் ..."

"விடுங்கண்ணே" என்றார் கடைசல்காரர் சட்டென்று. "எத்தனை தடவை அதையே சொல்லுவீங்க. அண்ணி காதுல விழும்."

"விழட்டுமே. பொய்யா சொல்றேன்?"

அவள் குனிந்து கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினாள். உள்ளே இருந்த ஜெட்டைத் திருகி எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். மாத்திரை டப்பாவைத் திறந்து பழையதை எடுத்தாள். அதை உள்ளே வைத்துத் திருகினாள்.

"என்ன பண்றே அங்க? சத்தத்தையே காணோம்."

"கார்புரேட்டரை ஒரு தடவை சுத்தம் பண்ணிடறேன். தூசி இருந்தா உங்களுக்குத்தான் மனசு கேக்காது."

"பாத்தியாடா?" என்றார் அவர் கடைசல்காரரிடம். குரலில் அப்படி ஒரு பெருமை. "நான் சொல்லாமலே பண்றா. வயசுல கத்துக் கொடுத்திருந்தா பட்டறையே வெச்சிருப்பா."

கிண்ணத்தை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் அறைக்குள் வந்தாள். கட்டிலின் தலைமாட்டில் மேஜை ஃபேன் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைத்தான் கொண்டுபோய் இன்ஜினுக்கு எதிரில் வைப்பார். நின்ற இடத்தில் ஓடுகிற இன்ஜினுக்குக் காற்று வேண்டும், இல்லாவிட்டால் சூடு தாங்காது.

"ஃபேனை எடுத்துட்டுப் போ" என்றார்.

"வேணாம். உங்களுக்கு எப்படி வேர்க்குது பாருங்க."

"எனக்கு என்ன, இன்னும் ..."

"இருக்கட்டுங்க. ரெண்டு நிமிஷம்தானே ஓட்டப் போறேன்." புடவைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்தாள். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா நெற்றியை அம்மா துடைத்து அவள் பார்த்ததில்லை.

அவர் அவள் கையைப் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"எண்ணெய் சரியா கலந்தியா?"

"கலந்தேன்."

அது உண்மை. எண்ணெயில் கை வைக்கவில்லை அவள். அன்றைக்குப் பெரியவன் எடுத்துப்போனபோது எது எப்படி இருந்ததோ அப்படி.

"ஆக்ஸிலேட்டரை முழுசாப் புடி. பாதியில பயந்து விட்டுடாதே."

"விடமாட்டேன்."

"ரெண்டு விரல் கிளட்ச்சுல இருக்கட்டும்."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். மஞ்சள் பூத்த கண். அதில் அவள் அடிபடக் கூடாதே என்கிற அக்கறை மட்டும்தான் இருந்தது. அவள் கையை உருவிக்கொண்டாள்.

"சரி" என்றாள்.

*

முதல் உதையிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கடைசல்காரர் கொட்டகைக்குள் அவள் பக்கத்தில் வந்து நின்றார். நீலப்புகை கூரைக்குப் போனது. அவள் கிளட்ச்சை அமுக்கிக் கியரைப் போட்டு, சொல்லிக் கொடுத்தபடி பூ மாதிரி விட்டாள். செயின் இறுகியது. உருளை முனகிக்கொண்டு சுழல ஆரம்பித்தது.

பிறகு இடது கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வலது கையால் ஆக்ஸிலேட்டரைத் திருகினாள். சத்தம் ஏறியது. தகரக் கூரை அதிர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. கடைசல்காரர் வாயைப் பிளந்தார். அவள் காதோரம் குனிந்து கத்தினார்.

"அண்ணி, என்னா இழுப்பு இழுக்குது! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு சத்தம் வந்ததே இல்ல!"

ஜன்னல் வழியாக அவர் முகம் தெரிந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கியிருந்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். வலது கையை உயர்த்தி, ஏத்து, இன்னும் ஏத்து என்று ஜாடை காட்டினார். சின்னவளிடம் ஏதோ சொன்னார். அவள் காதைப் பொத்திக்கொண்டு கொட்டகை வாசலுக்கு ஓடிவந்தாள்.

"உருளை எப்படிச் சுத்துதுன்னு பாத்துட்டு வந்து சொல்லச் சொன்னார்மா!"

அம்மா காதில் எதுவும் விழவில்லை. முழுசாகத் திருகிவிட்டாள். இனித் திருக இடமில்லை. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்ட அதே சத்தம். அதே ஏற்றம். வா, வா என்று மனசுக்குள் சொன்னாள். நெருங்கிவிட்டது என்று தெரிந்தது. சத்தத்தின் அடியில் ஒரு வறட்சி வந்தது, காய்ந்த தொண்டையில் கத்துகிற மாதிரி.

கடைசல்காரர் சிரிப்பை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். அவருக்கும் காது உண்டு.

"அண்ணி ... விடுங்க. அண்ணி, கையை விடுங்க! பிடிக்கப் போவுது! கிளட்ச்சு, கிளட்ச்சை அமுக்குங்க!"

அவள் இடது கை இடுப்பிலேயே இருந்தது.

சத்தம் அறுந்தது.

செயின் எகிறிச் சுவரில் அடித்து விழுந்தது. ஸ்டாண்ட் ஒரு முழம் நகர்ந்து நின்றது. கழன்ற உருளை மட்டும் ஆளில்லாத சக்கரம் மாதிரி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றபடி ஒரு சத்தமும் இல்லை. அதே மாதிரி. இருந்தது, இல்லை.

அவள் காத்திருந்தாள். இப்போது அந்தப் பக்கமிருந்து ஒரு கத்தல் வர வேண்டும். அடிப்பாவி என்றாவது, பெரியவன் பேரைச் சொல்லியாவது. எது வந்தாலும் சரி. பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்தச் சத்தத்தைத்தான் அன்னிக்கு நான் கேட்டேன், இப்ப உங்களுக்கு விளங்குதா என்று கேட்க வேண்டும். அதற்கு அவர் வாயைத் திறக்க வேண்டும்.

உருளை நின்றது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஃபேன் மட்டும் ஓடுகிற சத்தம்.

"அப்பா?" என்றாள் சின்னவள்.

*

அவர் தலை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. சின்னவள் தோளைப் பிடித்து உலுக்கினாள், கன்னத்தைத் தட்டினாள், பிறகு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கடைசல்காரர் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். திறந்திருந்த கண்களை மூடிவிட்டார்.

அவள் நிலைப்படியிலேயே நின்றாள்.

"எப்ப போனார்?"

"அம்மா ..."

"இன்ஜின் நிக்கறதுக்கு முன்னாடியா, நின்ன பிறகா?"

"என்ன கேள்விம்மா இது? நான்தான் உன்கிட்ட வந்துட்டேனே. எனக்கெப்படித் தெரியும்?"

கடைசல்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து வெளியே போனார். கொட்டகைக்குள் அவர் நடமாடும் சத்தம் கேட்டது. பெஞ்சருகே அது நின்றது. பெஞ்சின் மேல் அவள் விட்டுவைத்த பெரிய துளை ஜெட்டை அவர் பார்த்திருக்க வேண்டும். மாத்திரை டப்பா திறக்கும் சத்தம், உள்ளே ஏதோ விழும் சத்தம், மூடும் சத்தம். திரும்பி வந்தபோது வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உடம்பை நேர் பண்ணிடலாம் அண்ணி. அப்புறம் கஷ்டம்."

அவள் வாயில் ஒரு கசப்பு ஊறிக்கொண்டே இருந்தது. ஏமாற்றிவிட்டாரோ? சிரித்துக்கொண்டே, பெருமைப்பட்டுக்கொண்டே, ஏறுகிற சத்தத்தோடேயே போய்விட்டாரோ? அப்படிப் போயிருந்தால் இத்தனையும் வீண். அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆசைப்பட்டதைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். பெண்டாட்டி கையாலேயே.

கடைசல்காரர் பிட்டரின் வலது கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தார். இடது கைக்காகக் கட்டிலின் அந்தப் பக்கம் சுற்றிப் போனார். குனிந்தார். நிமிரவில்லை.

"என்ன?" என்றாள் அவள்.

அவளே போய்ப் பார்த்தாள்.

கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியைச் சுற்றி இடது கையின் இரண்டு விரல்கள் வளைந்து இறுகியிருந்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். கட்டைவிரல் கீழே அணைகொடுத்திருந்தது. இழுத்த இழுப்பில் நகத்தடி வெளுத்து, மணிக்கட்டு நரம்பு புடைத்தபடியே நின்றிருந்தது. மற்ற இரண்டு விரல்களும் தளர்ந்து தொங்கின.

ஃபேன் திரும்பி வந்து அவள் முகத்தில் அடித்துவிட்டு அந்தப் பக்கம் போனது.

"பிடிமானத்துக்குப் புடிச்சிருப்பார் போல" என்றாள் சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பயந்துட்டாரோ என்னவோ."

கடைசல்காரர் அந்த விரல்களைப் பிரிக்கப் போனார்.

"தொடாதீங்க" என்றாள் அவள்.

"அண்ணி, விறைச்சுப்போயிடும்."

"போகட்டும். அப்படியே இருக்கட்டும். வர்றவங்க எல்லாரும் பாக்கட்டும். எப்படி ஆச்சு, எப்படி ஆச்சுன்னு கேப்பாங்கல்ல? நான் சொல்றேன். ரெண்டு விரலும் கிளட்ச்சுலதான் இருந்துச்சுன்னு சொல்றேன். கெட்டியாத்தான் புடிச்சிருந்தார்னு சொல்றேன். இந்தத் தடவை நான் சுவத்துல சாஞ்சு நிக்கறேன்."

கடைசல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டதென்று பயந்து எழுந்து வந்து தோளைப் பிடித்தாள். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு, கம்பிக்குப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள்.

கடைசல்காரர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆமாங்க, இப்பத்தான். ஆமாங்க, கஷ்டப்படல. சின்னவள் கூடத்து நாற்காலிகளை ஓரமாக நகர்த்தினாள். கொட்டகையிலிருந்து சூடு ஆறும் இரும்பின் சத்தம், விட்டு விட்டு, டிக் டிக்கென்று வந்தது.

அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரம் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். நகக்கணுவில் எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு.

வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அக்காவின் குரல், யாரோ ஒரு பெரியவரின் கனைப்பு. "எப்படிம்மா ஆச்சு?" என்று சின்னவளைக் கேட்கிறார்கள்.

அவள் எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். சுவர்ப் பக்கம் ஒரு அடி வைத்தாள்.

பிறகு திரும்பிவந்து குனிந்து, தன் கையை அவர் கையின் மேல் வைத்தாள். காலடிகள் கூடத்தைத் தாண்டி வருவதற்குள், கம்பியிலிருந்து முதலில் நடுவிரலை, அப்புறம் ஆள்காட்டி விரலை, சட்டென்று விடாமல், உதறாமல், மெதுவாக விட்டாள்.